துண்டறிக்கையா, வாட்ஸ்அப்பா, கல்லா மேசையா: டர்பன் மசாலாக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும், அங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலும் உள்ள சிறு மசாலாக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கெழுதுவது என் தொழில். ஆடி பிறப்பதற்கு முன்பும் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பும் கடைக்காரர்கள் தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய இந்தச் சிறு தொகையை எதில் போடுவது? துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகப் போடலாம். வார இதழிலோ வானொலியிலோ விளம்பரம் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பட்டியல் வைத்துச் செய்தி அனுப்பலாம். இவை எதையும் செய்யாமல், அதே பணத்தைக் கடைக்குள்ளேயே செலவழித்து, வருகிறவர்களை நன்றாகக் கவனிக்கலாம். நான்கையும் பேரேட்டின் பக்கமிருந்து பார்த்து வருகிறவன் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பணம் கல்லா மேசைக்குப் போக வேண்டும், மிச்சமிருந்தால் வாட்ஸ்அப், அச்சும் வானொலியும் அதற்கப்புறம்தான்.

இதற்குக் காரணம் மசாலாத் தொழிலின் இயல்பு. டர்பனின் விக்டோரியா தெருச் சந்தைக்குள் நுழைந்தால், அடுத்தடுத்த கடைகளில் ஒரே நிறத்துக் குவியல்கள், ஏறக்குறைய ஒரே விலைகள். உல்லாசப் பயணிகள் ‘மதர்-இன்-லா எக்ஸ்டெர்மினேட்டர்’ (மாமியாரை ஒழிப்பது) என்று எழுதியிருக்கும் மிளகாய்க் குவியலைப் படம் பிடித்து, நூறு கிராம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெயர் ஒரு நல்ல விளம்பரம்தான். ஆனால் அது ஒரு தடவை வாங்கிவிட்டுத் திரும்பி வராதவருக்கான விளம்பரம். மாதந்தோறும் அரைக்கிலோ வாங்கும் வீட்டுக்காரரைக் கடைக்கு இழுப்பது வேறு. தங்கள் வீட்டுக் கைப்பக்குவத்துக்கேற்பக் காரமும் தனியாவும் கலந்து தருகிற ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவர் போவார். சிறுகடை பிழைப்பது இந்த இரண்டாமவரை நம்பித்தான்.

துண்டறிக்கையின் பலம், அது யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டு வாசல் வரை போய்விடும் என்பது. புதிதாகக் கடை திறப்பவருக்கும் இடம் மாற்றியவருக்கும் அது பயன்படும். அதன் பலவீனத்தை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன் நான் கொடுத்த யோசனையின் பேரில் ஒரு கடைக்காரர் நெய்க்கும் கடலை மாவுக்கும் சலுகை விலை போட்டு அறிக்கை அச்சடித்தார். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் நெய் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், தங்களை ஏமாற்றி வரவழைத்ததாகவே நினைத்தார்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது: சரக்கு குறைவு என்றால் அந்த வரம்பை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும், சொன்ன அளவு வரைக்கும் கொடுக்க வேண்டும். ‘முதல் நாற்பது டப்பாக்களுக்கு மட்டும்’ என்ற நான்கு சொற்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பிழையில் என் பங்கை நான் இன்றும் மறக்கவில்லை.

அச்சிட்ட விலை கடையை இன்னொரு வகையிலும் கட்டும். எழுதி ஒட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை ஒட்டியிருந்தால் குறைந்த விலைதான் செல்லும். ஆகவே அறிக்கை அச்சாகும் நாளன்றே அலமாரியில் உள்ள பழைய விலைச்சீட்டுகளைக் கிழித்துவிடுவது நல்லது.

வானொலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1983இல் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம்முக்கு இந்திய வம்சாவளியினரிடையே செல்வாக்கு உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டுச் சமையலறைகளில் அது காலையிலிருந்தே ஒலித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஒலி நாட்டின் மற்றப் பெருநகரங்களுக்கும் போகிறது. மசாலாக் கடைக்கு வரக்கூடியவரோ பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவுக்குள் இருப்பவர். நான்கைந்து கிளைகள் உள்ள கடைக்குப் பொருந்தும். ஒற்றைக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தால், தம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடும் வார இதழில் கொடுப்பது அதைவிடச் சரி.

வாட்ஸ்அப்பை நான் இரண்டாவதாக வைக்கும் காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத்தான் முதலாவதாக நினைக்கிறார்கள். செலவு ஏறக்குறைய இல்லை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடை நேரம், முகவரி, பொருள்களின் படங்கள், விலை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் போட்டு ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வசதியில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. வழக்கமாக ஒரு பட்டியலில் 256 பேர்தான். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். கடை எண்ணைச் சேமித்து வைக்கும் அளவுக்கு உங்களை மதிக்கிறவர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர். ஆகவே வாட்ஸ்அப் புதியவரைக் கொண்டுவருவதைவிட, பழையவர் நம்மை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே ஏற்ற கருவி. அப்படிப் புரிந்துகொண்டு பயன்படுத்துகிறவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

இதிலும் சட்டம் குறுக்கே நிற்கிறது, நியாயமாகவே நிற்கிறது. போப்பியா என்று இங்கே எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. ஓராண்டு அவகாசமும் 2021இல் முடிந்துவிட்டது. அதன் 69ஆம் பிரிவின்படி, அறிமுகமில்லாதவருக்கு மின்வழியில் விளம்பரம் அனுப்பச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு ஒரே ஒரு தடவைதான் அவரை அணுகலாம். பொருள் வாங்கும்போது எண் கொடுத்த வாடிக்கையாளருக்கு அதே வகைப் பொருள்களைப் பற்றி எழுதலாம், ஆனால் எண்ணை வாங்கும்போதும் ஒவ்வொரு செய்தியிலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு வழி வைக்க வேண்டும். கோவில் அன்னதானக் குழுவிலிருந்தோ இறுதிச் சடங்குச் செய்திக்காகத் தொடங்கிய குடும்பக் குழுவிலிருந்தோ எண்களை எடுத்துத் தம் பட்டியலில் சேர்ப்பதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். துக்க வீட்டுக் குழுவிலிருந்து எடுத்த எண்ணுக்குச் சலுகை விலை அனுப்புவது சட்டப்படி தவறு என்பதற்கு முன்னால், மனிதருக்கு மனிதர் செய்யக் கூடாதது.

நேரமும் முக்கியம். வீட்டிலிருப்பவரை நேரடி விளம்பரத்துக்காக ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் தொடர்புகொள்ளக் கூடாது. சனிக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 1 வரை மட்டும். மற்ற நாள்களில் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ‘இன்றைய சலுகை’ அனுப்பும் கடைகளை நான் அறிவேன்.

பஞ்சாங்கம் அதைவிட முக்கியம். இங்கே புரட்டாசி விரதத்தைக் குடும்பம் குடும்பமாகக் கடைப்பிடிக்கிறார்கள். தமிழே பேசத் தெரியாத இளைஞர்கள்கூட அந்த மாதம் முழுவதும் இறைச்சி தொடுவதில்லை. அந்த மாதத்தில் ஒரு கடை தன் பட்டியல் முழுவதற்கும் ஆட்டிறைச்சி மசாலாவின் படத்தை, கொதிக்கும் குழம்போடு, அனுப்பிவிட்டது. கோபித்துக்கொண்டு யாரும் பதில் எழுதவில்லை. சத்தமில்லாமல் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தடுத்தவருக்கு அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் போகாது. அதே மாதத்தில் இன்னொரு கடை, பருப்புக்குழம்புப் பொடியும் பீன்ஸ் கறிக்கான கலவையும் தயார் என்று இரண்டே வரி எழுதியது. கருவி ஒன்றுதான், முன்னதில் வாடிக்கையாளர் வெறும் எண்ணாக இருந்தார். ஆடிக் கூழும், புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோவில்களில் கூடும் கூட்டமும், தைப்பூசக் காவடியும் அறிந்த கடைக்காரருக்கு எந்த வாரத்தில் எதை எழுதுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி கல்லா மேசை. டர்பனின் கோடைக் காற்றில் ஈரம் அதிகம். மசாலாவுக்கு அது எதிரி. சென்ற கோடையில் இரண்டு வேறு கடைகளில் ஒரே வகைப் புகாரைப் பார்த்தேன். முதல் கடையில் ஒரு பெண்மணி கட்டி கட்டியாக இறுகிப்போன அரைக்கிலோ பொட்டலத்தைக் கொண்டுவந்தார். கல்லாவில் இருந்த பையன் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை. சுவரில் ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று தொங்கிய பலகையைக் கையால் காட்டினான். அவர் பொட்டலத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது கடையில் வந்தவர் எண்பது வயதை நெருங்கும் ஓர் ஆயா. கடைக்கார அக்கா பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். “ஈரம் ஏறிட்டுது ஆயா, எங்க டின்னுலதான் கோளாறு. எந்தக் கிழமை வாங்குனீங்க?” என்று கேட்டார். பதில் வந்ததும் முதலில் புதிய அரைக்கிலோவை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் அந்த வாரம் திறந்த டின்னை எடுத்து, அதிலிருந்து கட்டி வைத்திருந்த மற்றப் பொட்டலங்களையும் அலமாரியிலிருந்து இறக்கினார். புகார் அவருக்குக் கெட்டுப்போன சரக்கைப் பற்றிய தகவலாக வந்து சேர்ந்தது. முதல் கடையில் அதே தகவல் மேசைமேல் கிடந்தும் யாரும் எடுக்கவில்லை.

சட்டத்தைப் பார்த்தாலும் அந்தப் பலகைக்கு வலு இல்லை. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. எது வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்துகொள்ளலாம். கடையில் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமைதான் இல்லை. பலகை எழுத விரும்புகிறவர் இந்த வித்தியாசத்தை எழுதலாம்.

கணக்கும் இதையே சொல்கிறது. அரைக்கிலோ பொட்டலம் 80 ரேண்டு என்றும், ஒரு குடும்பம் மாதம் ஒன்று வாங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 960 ரேண்டு. மாற்றிக் கொடுப்பதில் கடைக்கு ஏற்படும் இழப்பு அந்தப் பொட்டலத்தின் கொள்முதல் விலை மட்டுமே. துண்டறிக்கை மூலம் ஒரு புதுக் குடும்பத்தை அந்தச் செலவில் பிடிக்க முடிந்த கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

கல்லா மேசையில் பணம் போடுவது என்றால் எதில்? காற்றுப் புகாத மூடியுள்ள டின்களில். ஒவ்வொரு பொட்டலத்திலும் அரைத்த தேதியைக் குத்தும் ஒரு ரப்பர் முத்திரையில். கல்லாவில் இருக்கும் பையனுக்கு, 200 ரேண்டு வரையிலான புகாரை யாரையும் கேட்காமல் தீர்த்துவைக்கும் அதிகாரம் தருவதில். சந்தைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் ஜூலு பேசுகிறவர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘சவுபோனா’ என்று முகம் பார்த்து வணங்கி, கோழிக்கு எது, பீன்ஸுக்கு எது என்று அவர் மொழியில் சொல்லத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்த கடைகளில், எந்த விளம்பரமும் இல்லாமல் விற்பனை ஏறியதைப் பேரேட்டில் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களை மட்டும் வாடிக்கையாளராக நினைக்கும் கடை தன் வாசலைப் பாதி மூடி வைத்திருக்கிறது.

அந்த அக்காவின் மேசையறையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் கையெழுத்தில் ஒரு வரி: ‘காரம் குறைச்சல், சோம்பு கூட’, ‘உப்பு சேர்க்காமல்’, ‘மகனுக்குக் கேப்டவுனுக்கு அனுப்ப, இரட்டைப் பை’. இந்த ஆண்டு அவர் வாட்ஸ்அப் பட்டியலை அந்த நோட்டைப் பார்த்தே பிரித்திருக்கிறார். புரட்டாசி விரதக்காரர்கள் ஒரு பட்டியல், மற்றவர்கள் ஒரு பட்டியல், எந்தச் செய்தியும் வேண்டாம் என்றவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. தீபாவளித் துண்டறிக்கைக்கென்று ஒதுக்கிய தொகையில் மூடியுள்ள டின்கள் பன்னிரண்டு வாங்கியிருக்கிறார். அந்தப் பற்றுச்சீட்டை விளம்பரச் செலவு என்ற தலைப்பின் கீழ் எழுதச் சொன்னார். அந்தத் தலைப்பு கணக்கு முறைப்படி பொருந்தாது என்று சொல்லி, கடைச் சாமான் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஓரத்தில் அவர் சொன்னதையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.