கேமரா வாங்கிய பிறகு தெரிந்தவை: ரிவ்யூக்களை எவ்வளவு நம்பலாம்?

கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். 2020ல் வாங்கிய ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராதான் (படம் பதியும் சென்சார் பெரியது, உள்ளே கண்ணாடி கிடையாது) இன்றைக்கும் கையில். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கேமராவைப் பற்றியும், அதை வாங்கச் சொன்ன வீடியோக்களைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அருமை. ஹோமப் புகை மூடினாலும், தாலி கட்டும் நேரத்தில் சொந்தபந்தம் குறுக்கே வந்தாலும் பெண்ணின் முகத்தை விடாது. விடிகாலை முகூர்த்தத்தில், வெளிச்சம் போதாமல் உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றி எடுத்த படம்கூட 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் சுத்தமாக அச்சாகிறது. இதையெல்லாம் ரிவ்யூ போட்டவர்கள் சொன்னார்கள், சொன்னபடியே இருந்தது.

அவர்கள் சொல்லாமல் விட்டவைதான் என்னைப் படுத்தின. முதலாவது, சைலன்ட் ஷட்டர். சத்தமே இல்லை, கல்யாணத்துக்கென்றே செய்தது என்று பாராட்டாத வீடியோ இல்லை. ஆனால் நம் மண்டபங்களில் மேடை முழுக்க எல்இடி, சீரியல் விளக்கு. படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது. "என்ன தம்பி, மாப்பிள்ளை சட்டையில கோடு கோடா இருக்கு?" என்று பெண்ணின் அப்பா கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் எளிது. சைலன்ட் ஷட்டரில் திரை எதுவும் அசைவதில்லை, சென்சாரே படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் துலங்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே 1/60, 1/125 சரிப்படும். அந்த எண்ணையே நம் ஊர் வீடியோக்களிலும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். மலிவான அலங்கார எல்இடிக்கு 1/100ம் பல நேரம் உதவாது. நிஜமாகவே திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவதுதான் வழி. ஒரே ஒரு மண்டபத்தில் நின்று பார்த்திருந்தால் யாருக்கும் இது தெரிந்திருக்கும்.

அடுத்தது, பிடியின் ரப்பர். சித்திரை, வைகாசி வியர்வையில் ஊறி உப்பி, ஓரம் கழன்றுவிட்டது. அப்புறம் லென்ஸில் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் துணியே காயாது, லென்ஸ் மட்டும் என்ன செய்யும்? ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினெட் இங்கே கட்டாயம். கேமரா விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

விமர்சகர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கேமரா பெரும்பாலும் நிறுவனத்திடமிருந்து இரவலாக, சில வாரங்களுக்கு வருகிறது. இன்ன நாள், இன்ன மணிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடும் வருகிறது. அந்த அவசரத்தில் எது தெரியும்? நிக்கான் டி600 என்ற கேமரா நல்ல உதாரணம். 2012ல் வந்தது, பாராட்டும் குவிந்தது. வாங்கியவர்கள் எடுக்க எடுக்கத்தான் சென்சாரில் தூசுப் புள்ளிகள் சேர்வது தெரிந்தது. 2013லேயே அதற்கு அடுத்த மாடல் டி610 வந்துவிட்டது. 2014ல்தான் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. சில வார இரவல் கேமராவில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பணம் கலக்கும்போது இன்னும் மோசம். வீடியோவின் கீழே இருக்கும் லிங்க்கில் நாம் வாங்கினால் அவருக்குக் கமிஷன். "இதை வாங்காதீர்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? 2024ல் கூகுளின் பிக்சல் போன் விவகாரம் வெளியே வந்ததே. இலவசமாகப் போன் பெறுபவர்கள் போட்டி போன்களை மேலாகக் காட்டினால் உறவு முறியும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். நம் நாட்டிலும் பணமோ இலவசப் பொருளோ பெற்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நான் பார்க்கும் தமிழ் வீடியோக்களில் அதைத் தொடக்கத்திலேயே சொல்பவர்கள் ரொம்பக் குறைவு.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பையன்கள் அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து முதல் கேமரா வாங்குகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட அந்த வீடியோக்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. கேமரா சொந்தக் காசா, இரவலா என்று ஒரு வரி சொல்வதில் என்ன குறைந்துவிடும்? ஒரு வருஷம் கழித்து அதே கேமராவைப் பற்றி மறுபடி பேசுகிறவர் கிடைத்தால் அவரைத்தான் நான் நம்புவேன். லிங்க் போட்டிருந்தாலும் சரி.

போன தை மாதம் இரண்டாவது கேமரா பாடி வாங்கினேன். வீடியோ பார்த்து முடிவு செய்யவில்லை. திருச்சியிலிருந்து இரண்டு மாடல்களை வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் அதே சீரியல் விளக்குக்குக் கீழே சைலன்ட் ஷட்டரில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பட்டை விழுந்தது, மற்றதில் அநேகமாக இல்லை. அதையே வாங்கினேன். டெல்டாவின் அடைமழையை அது இன்னும் பார்க்கவில்லை. கார்த்திகை கழிந்ததும் அதைப் பற்றியும் எழுதுகிறேன்.