காகிதப்பூச் செடி: தையில் வெட்டுவதா, ஐப்பசியில் தோண்டுவதா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் காகிதப்பூ படராத காம்பவுண்டு சுவர் குறைவு. கோடை வந்தால் ஏதாவது ஒரு வீட்டில் அது அடியோடு போய்விடும். "முள்ளு குத்துது, குப்பையாக் கொட்டுது, வெட்டி எறிஞ்சிருங்க அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் போதும், அரிவாள் வந்துவிடும். எனக்கு அது வயிற்றெரிச்சல். அந்தச் செடிகளில் பாதிக்கு மேல் நோயும் இல்லை, மூப்பும் இல்லை. வெட்டிய மாதம்தான் தப்பு.

முதலில் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. இது புதுத் துளிரில் பூக்கும் செடி. நாம் பூ என்று பார்ப்பது நிறமேறிய இலைதான். உள்ளே வெள்ளையாகச் சின்னதாக இருப்பதே பூ. நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வெட்டினால் நீண்ட கொப்பும் இலையுமாகத்தான் ஓடும். சித்திரையில் வெட்டினால் பூவும் போகும், நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயில் பட்டுக் கருகும். தை பிறந்ததும் வெட்டிப் பாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில், பங்குனி வெயிலில், சுவர் முழுக்க நிறம். மூன்று நான்கு தடித்த கிளைகளை இடுப்பளவு விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். துளிர் வரும்வரை தண்ணீர் விட்டு, பிறகு குறைத்துவிடுங்கள். தண்ணீரும் உரமும் கூடினால் இலைதான் மிஞ்சும்.

வைகாசிக் கடைசியில் இன்னொரு சின்ன வெட்டு உண்டு. ஆனி, ஆடி மேல்காற்று நீண்ட கொப்புகளை முறுக்கிக் கிழித்துவிடும். அவற்றின் நுனியை மட்டும் எடுத்தால் போதும்.

வேரோடு எடுப்பதை இரண்டே நிலையில் ஒப்புக்கொள்வேன். அடித்தண்டைக் கரையான் அரித்து உள்ளே கூடாகிவிட்டால், அல்லது தண்டு பருத்துச் சுவரையே தள்ள ஆரம்பித்தால். கரண்ட் கம்பியைத் தொடுகிறது என்பதற்காகச் செடியையே எடுக்க வேண்டியதில்லை. மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திக்கொண்டு கொப்பை இறக்கலாம். எடுப்பதென்று முடிவானால், கவாத்துக்கு ஆகாத ஐப்பசி, கார்த்திகைதான் அதற்கு நல்லது. சித்திரையில் நம் செம்மண் கல்லாக இருக்கும், கடப்பாரை கூட இறங்காது. மழை நனைத்த பிறகு மண்வெட்டிக்கே வழிவிடும். தரையோடு அறுத்துவிட்டுப் போனால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். தோண்டித்தான் ஆக வேண்டும்.

எதைச் செய்தாலும் கையில் தடித்த சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். முள் குத்திய இடம் சிலருக்குத் தடித்துப் போகும். வெட்டிய கொப்பைத் தெருவில் போடாதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற பாதை அது.

அரிவாளை எடுக்கும் முன் செடிக்குள் குனிந்து ஒருமுறை பாருங்கள். முள்ளுக்குள் பூனை வராது என்பதால் கொண்டைக்குருவி அங்கேதான் கூடு வைக்கும். போன வைகாசியில் எங்கள் வீட்டுச் செடியில் மூன்று முட்டை இருந்தது. குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பக்கக் கொப்பை அப்படியே விட்டுவைத்தோம்.