மோனோலாரினா, லாரோயில் ஆர்ஜினேட்டா, பென்சல்கோனியமா?

மூன்றும் கிருமியை அழிக்கும் பொருள்கள். மூன்றின் மூலக்கூறிலும் எண்ணெயை நாடும் வால் ஏறக்குறைய ஒன்றுதான்: 12 கார்பன் சங்கிலி (பென்சல்கோனியத்தில் 14-ம் கலந்திருக்கும்). தேங்காய் எண்ணெயில் சுமார் பாதி லாரிக் அமிலம் (12 கார்பன் கொழுப்பமிலம்) என்பதால், குமரி மாவட்டத்தில் அந்த வாலுக்குப் பஞ்சமில்லை. வித்தியாசமெல்லாம் நீரை நாடும் தலையில்.

மோனோலாரின் தலைக்கு மின்னூட்டம் கிடையாது. செய்ய, 1 கிலோ தேங்காய் எண்ணெய், 350 கிராம் கிளிசரின், 2 கிராம் காஸ்டிக் சோடா. நைட்ரஜன் ஓட்டத்தில் 220–230 டிகிரியில் விடாமல் கலக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் எண்ணெயில்தான். ஈரம் போகாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெயில் 1 சதவீதம் கட்டற்ற கொழுப்பமிலம் இருந்தாலே அந்த 2 கிராம் காஸ்டிக்கும் சோப்பாகிவிடும். கலவை நுரைக்கும், வினை இழுத்தடிக்கும். சூட்டோடு பாஸ்பாரிக் அமிலம் விட்டுக் காரத்தை முறிக்காவிட்டால், உண்டான மோனோகிளிசரைடு (கிளிசரினோடு ஒரே ஒரு கொழுப்பமிலம் சேர்ந்தது; அது லாரிக் என்றால் மோனோலாரின்) ஆறும்போதே கொஞ்சம் பழையபடி மாறிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பாதிதான் மோனோகிளிசரைடு, அதிலும் பாதிதான் மோனோலாரின். 90 சதவீதம் கேட்டால் தனி லாரிக் அமிலத்தில் தொடங்கி, உயர் வெற்றிடத்தில் வடித்தெடுக்க வேண்டும். மோனோலாரின், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (வெளிச்சவ்வு இல்லாத) பாக்டீரியாக்களிடம் நன்றாக வேலை செய்யும், ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகையின் வெளிச்சவ்வில் தடுமாறும். அந்தச் சவ்வைத் தளர்த்தும் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடிக்கும் பொருள்) கூட்டினால் தேவலை.

லாரோயில் ஆர்ஜினேட் இரண்டு வகையையும் பிடிக்கும், உடலில் ஆர்ஜினினும் (ஓர் அமினோ அமிலம்) லாரிக் அமிலமுமாகச் சிதையும். ஆனால் ஆர்ஜினின் எத்தில் எஸ்டரோடு லாரோயில் குளோரைடைச் சேர்க்கையில் 10–15 டிகிரி, பி.எச். 6.7–6.9 தாண்டக் கூடாது. நம் கடற்கரை ஈரக்காற்றில் லாரோயில் குளோரைடு புட்டி திறந்தாலே அமிலப் புகைதான். சிறு பட்டறைக்கு ஆகாது.

பென்சல்கோனியத்தைச் செய்யவே வேண்டாம்; மூலப்பொருளான பென்சைல் குளோரைடு கண்ணைப் பிடுங்கும் நஞ்சு. 50 சதவீதக் கரைசலாக வாங்கலாம். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டி கழுவ 10 லிட்டருக்கு 4 மில்லி, அதாவது 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) போதும். சோப்புப் போட்ட பெட்டியை அலசாமல் இதை ஊற்றினால் இதன் நேர்மின் தலையும் சோப்பின் எதிர்மின் தலையும் கட்டிக்கொண்டு வெள்ளையாகத் திரியும், கிருமி அப்படியே இருக்கும். கடினமான கிணற்று நீரிலும் வேகம் குறையும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாளிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். பால் துகள்கள் எதிர்மின் கொண்டவை. சரியாக அலசாத வாளியில் அங்கங்கே கட்டிதட்டும். அந்தப் பாலுக்கு உறுதி கூட்டுவதோ, இதே லாரிக் அமிலத்தின் அம்மோனியா சோப்பு.