செங்கடலில் எந்தக் கரை? ஹுர்கதா, ஷர்ம், தஹாப், மர்சா ஆலம்

எகிப்துக்குப் போய் ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஹோட்டல் படங்களைத்தான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். இரண்டு தடவை குடும்பத்தோடு போய் நாலு ஊரிலும் தங்கிவிட்டு வந்த பிறகு சொல்கிறேன், ஹோட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து பவளப்பாறை எவ்வளவு தூரம், அங்கே நாமே நீந்திப் போய்விடலாமா, படகு வேண்டுமா என்பதை முதலில் விசாரியுங்கள். விடுமுறை நன்றாக அமைவதும் வீணாவதும் அதில்தான் இருக்கிறது.

செங்கடலில் வந்து கலக்கிற வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழையும் அபூர்வம். வண்டல் சேராததால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. வெயில் உறிஞ்ச உறிஞ்ச உப்பும் ஏறிவிடுகிறது. மற்ற கடல்களில் கிலோவுக்கு 35 கிராம் என்றால் இங்கே 40 கிராம் அளவில் இருக்கும். உடம்பு தானாக மிதக்கும் என்பதால், நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தைரியம்.

வடக்கே போகப் போக இந்தக் கடல் சினாய் தீபகற்பத்தின் இரு பக்கமும் பிரிகிறது. மேற்கே சூயஸ் வளைகுடா, 100 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கிழக்கே அகபா வளைகுடா, சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேல் ஆழம். ஊருக்கு ஊர் அனுபவம் மாறுவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஹுர்கதா சூயஸ் வளைகுடா வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. கரையோரம் ஆழமில்லாத மணல், கொஞ்ச தூரத்தில் கிஃப்தூன் முதலான தீவுகள். நகரத்தை ஒட்டிய பவளம் பல பத்தாண்டுக் கட்டுமானத்தாலும் கூட்டத்தாலும் நிறைய அடிபட்டுவிட்டது. நல்லதைப் பார்க்கப் படகு ஏறியே ஆக வேண்டும். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் கரை. அதில் தண்ணீருக்குள் இருந்த நேரத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. டால்ஃபின் காட்டுகிறோம் என்று கூட்டிப்போன படகு, வேறு ஏழெட்டுப் படகுகளோடு சேர்ந்து ஒரு சிறு கூட்டத்தை விரட்டிக்கொண்டே போனது. குட்டியோடு இருந்த ஒன்று திரும்பத் திரும்ப வழி மாற்றியதைப் பார்த்து, குதிக்கத் தயாராக நின்ற என் மகள் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டாள். எனக்கும் அதற்குமேல் மனம் வரவில்லை.

ஹுர்கதாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. விமான வசதி அதிகம், விலை குறைவு, லக்ஸருக்கு நாலு மணி நேரச் சாலைப் பயணம்தான். அங்கே இருக்கும் கர்னாக் கோயிலும் மன்னர்களின் பள்ளத்தாக்கும் பார்த்தே தீர வேண்டும், கடல் இரண்டு நாள் போதும் என்பவர்களுக்கு இதுவே சரியான ஊர். பழைய தஹார் பகுதியில் குஷாரியும் (அரிசி, பருப்பு, பாஸ்தா கலவை) தஅமியாவும் (நம் வடைபோல் பொரித்த அவரை உருண்டை) கிடைக்கும், சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஷர்ம் அல்-ஷேக்கில் கதை வேறு. சினாயின் தென்முனை, பக்கத்திலேயே அகபாவின் ஆழம். பல ஹோட்டல்களில் மிதவைப் பாலம் ஒன்று பவளத்திட்டின் விளிம்பு வரை போகும். அதன் கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே போதும்: காலடியில் இரண்டு முழ ஆழத்தில் பவளம், அதற்கடுத்து செங்குத்தாக இறங்கும் சுவர், அப்புறம் வெறும் நீலம். ஆரஞ்சு நிற ஆந்தியாஸ் மீன்கள் சுவரை ஒட்டி ஆயிரக்கணக்கில் மினுங்கும். முதல் தடவை அந்த விளிம்பைத் தாண்டும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததுபோல் வயிற்றைப் பிசையும். பயப்பட வேண்டாம், உப்புத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இங்கிருந்து ராஸ் முஹம்மது தேசியப் பூங்காவுக்குப் படகிலும் போகலாம், வண்டியிலும் போகலாம். 1983-ல் அறிவிக்கப்பட்ட இதுதான் எகிப்தின் முதல் தேசியப் பூங்கா. நீரோட்டம் வலுவாக இருக்கும், வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

ஷர்மில் எனக்கு ஒட்டாதது ஊர்தான். பெரிய பெரிய ரிசார்ட்டுகள், நடுவே அகலச் சாலை. வெளியே காலாற நடந்து போய் ஒரு டீ குடிக்கலாம் என்றால் அதற்கும் டாக்ஸி.

அந்தக் குறையைத் தீர்ப்பது ஒரு மணி நேரம் வடக்கே இருக்கும் தஹாப். பெயருக்குத் தங்கம் என்று பொருள். பாலைவன நாடோடி அரபிகளான பெதுயின் மக்களின் சிற்றூர் அது. கடலோரமாகவே கடைகளும் மெத்தை போட்ட உணவகங்களும், பின்னால் செம்மண் நிற மலை. அறையிலிருந்து ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் ஐந்தே நிமிடத்தில் லைட்ஹவுஸ் பவளத்திட்டு. படகும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடி ஒரு தடவை என்று போய்க்கொண்டே இருக்கலாம். செலவும் நாலு ஊரிலும் இங்கேதான் குறைவு.

ப்ளூ ஹோல் என்ற ஆழமான கடல் குழி இங்கேதான். 100 மீட்டர் அளவுக்கு இறங்கும் அந்தக் குழியின் கரைப் பாறையில், உள்ளே உயிரிழந்த ஆழ்கடல் நீச்சல்காரர்களின் நினைவுப் பலகைகளைப் பார்த்ததும் என் மனைவி வேண்டாம் என்று விட்டாள். அவர்களில் பலர் காற்று உருளையோடு 50 மீட்டருக்கும் கீழே உள்ள பாறை வளைவைக் கடக்க முயன்றவர்கள். மேற்பரப்பில் விளிம்பை ஒட்டி மிதப்பவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. சற்று வடக்கே பெல்ஸ் என்ற பாறைப் பிளவில் இறங்கி, வலப்பக்கம் பவளச் சுவரைப் பிடித்தாற்போல் தெற்கே மிதந்து வந்து ப்ளூ ஹோலில் ஏறினோம். என் வாழ்நாளில் மிக நல்ல அரைமணி நேரங்களில் அது ஒன்று.

தஹாபின் எதிரி காற்று. இரண்டு பக்க மலைக்கு நடுவே வடக்கத்திக் காற்று புனல் வழியே வருவதுபோல் வரும். காற்றுப் பலகை (விண்ட்சர்ஃபிங்) விளையாட்டுக்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள், நமக்கோ அலை ஸ்நார்க்கெல் குழாயில் ஏறும். காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் தஹாபை நான் சொல்ல மாட்டேன். கரையில் கல்லும் கடல் முள்ளெலியும் அதிகம்.

குழந்தைகளும் நீச்சல் தெரியாத பெரியவர்களும் இருந்தால் என் ஓட்டு மர்சா ஆலத்துக்கு. ஹுர்கதாவிலிருந்து தெற்கே சுமார் நாலு மணி நேரம். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாலைவனம், சாலை, ஆங்காங்கே ரிசார்ட். ராத்திரி பொழுதுபோக்குக்கு நட்சத்திரம்தான். ஆனால் அபூ தப்பாப் விரிகுடா இருக்கிறது. குதிரை லாட வடிவம், நடுவே மெதுவாக இறங்கும் மணல், அதற்கப்பால் கடற்புல் மேடு, இரண்டு ஓரமும் பவளம். முழங்கால் அளவில் நின்று பழகி, இடுப்பளவில் முகம் வைத்து, பிறகு மிதக்கலாம்.

அறுபத்தொரு வயது மாமியாரை லைஃப் ஜாக்கெட் போட்டு நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கீழே நாலைந்து மீட்டரில் பேராமை ஒன்று புல்லைக் கவ்வி, தலையை ஒரு பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. முதுகில் இரண்டு ஒட்டுமீன்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் மணல் புகைபோல் எழும்பும். கொஞ்ச நேரத்தில் மேய்ச்சலை விட்டுவிட்டு எங்களுக்கு மிக அருகே மேலே வந்து, மூக்கை நீட்டி ஒரு மூச்சு வாங்கி, மறுபடி இறங்கிற்று. அத்தையின் பிடி என் மணிக்கட்டில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இதே புல்வெளிக்கு ஆவுளியாவும் எப்போதாவது வரும். நம் பாக் நீரிணையில் இருக்கும் அதே கடல்பசுதான். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

டால்ஃபினுக்கும் தெற்குதான் மேல். மர்சா ஆலம் பக்கம் உள்ள சமதாய் பவளத்திட்டில் 2004 முதல் டால்ஃபின்கள் ஓய்வெடுக்கும் உள்பகுதிக்குள் மனிதர்கள் போகத் தடை, ஒரு நாளைக்கு வரும் ஆட்களுக்கும் வரம்பு. அவை நம்மிடம் வந்தால்தான் பார்க்கலாம்.

சினாய் பக்கத்தையும் ஆப்பிரிக்கக் கரையையும் ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். வரைபடத்தில் ஹுர்கதாவும் ஷர்மும் எதிரெதிரே தெரியும், சாலையில் சூயஸைச் சுற்றினால் ஒரு முழு நாள் போய்விடும். ஷர்மோடு தஹாப், ஹுர்கதாவோடு மர்சா ஆலம் என்று ஜோடி போடுங்கள். ஏப்ரல், மே இல்லையென்றால் அக்டோபர், நவம்பர் நல்லது. பிப்ரவரியில் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும், நம் உடம்புக்கு அது குளிர். ஆகஸ்டில் தண்ணீர் சுகம், வெளியே 40 டிகிரி.

மாஸ்க்கை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க்கே கிடைக்கிறது, வாடகைக்கு அங்கே அது கிடைப்பது சிரமம். முதுகுக்கு சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது, பவளத்துக்கும் அதுதான் நல்லது. பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. அது உயிருள்ளது, அதன் இடுக்கில் விஷமுள் கொண்ட கல்மீனும் இருக்கும். பெரிய கிளாத்தி மீன் கூட்டைக் காவல் காக்கும்போது துரத்தினால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள். அதன் எல்லை மேல்நோக்கி விரியும் கூம்பு.

அடுத்த தடவை நாங்கள் ஹுர்கதாவில் இறங்கி அன்றைக்கே தெற்கே போய்விடுவதாக இருக்கிறோம். ஐந்து ராத்திரியும் அபூ தப்பாப் பக்கம்தான். அத்தை இப்போதே வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறார்.