லிங்கன் பாம்பர் கமாண்ட் சென்டர்: விமானம் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

விமானம் பார்க்கும் ஆசையோடு இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் இருக்கும் இந்தப் போர் நினைவிடத்துக்குப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்நேஷனல் பாம்பர் கமாண்ட் சென்டர் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் முழுசாக ஒரு லங்காஸ்டர்கூட, அதாவது இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்கூட, கிடையாது. அதற்கு அதே லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஈஸ்ட் கர்க்பி விமான அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டர் சீசனில் நான்கு எஞ்சினும் முழங்கத் தரையில் ஓடும். இங்கே இருப்பது கேன்விக் குன்றின் மேல் ஒரு இரும்புக் கோபுரம், சுற்றிலும் பெயர் வெட்டிய சுவர்கள், ஒரு கண்காட்சிக் கட்டடம், தோட்டம். அவ்வளவுதான். ஆனாலும் இதே படையினருக்காக லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் திறந்த அந்தத் தூண் மண்டபத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு 1936-ல் தொடங்கியது, 1968-ல் சண்டை விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டோடு சேர்த்து ஸ்ட்ரைக் கமாண்ட் ஆக்கிக் கதையை முடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இதில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பையன்கள். இருந்தும் தனிப் பதக்கம் கிடையாது. இவர்கள் போட்ட குண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கும் டிரெஸ்டனும் எரிந்த எரிப்புக்குப் பிறகு இவர்களைக் கொண்டாட அரசியல்வாதிகளுக்கு வாய் வரவில்லை, அனுப்பியது யார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். பதக்கப் பட்டையில் குத்திக்கொள்ள கிளாஸ்ப் என்கிற ஒரு சின்ன உலோகப் பட்டியை 2013-ல் கொடுத்தார்கள், அதற்குள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தாயிற்று.

இந்தச் சிக்கலை மூடி மறைக்காததுதான் இந்த இடத்தின் பலம். கண்காட்சியில் பறந்தவர்களின் குரல் மட்டுமல்ல, குண்டு விழுந்த ஊர்க்காரர்களின் குரலும் இருக்கிறது, ஜெர்மானியர்கள், இத்தாலியர்கள் எல்லாம் பேசுகிறார்கள். பக்கத்து ஸ்கேம்ப்டன் விமானத் தளத்திலிருந்து 1943 மே மாதம் 19 லங்காஸ்டர்கள் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன கதை அந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், போன 133 பேரில் 53 பேர் செத்ததும் தெரியும். அணை உடைந்த வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அதில் பலர் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட வெளிநாட்டவர்கள், இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

அப்புறம் வெளியே வந்தால் கோபுரம். உயரம் 31 மீட்டர் சொச்சம், லங்காஸ்டரின் இறக்கை நுனிக்கு நுனி உள்ள அதே 102 அடி. சுவர்களும் அதே துருநிறத் தகடு, கிட்டத்தட்ட 58,000 பெயர்கள், தரைப் பணியாளர்கள், பெண்கள் உட்பட. எழுத்துகளைத் துளையாகவே வெட்டியிருப்பதால் சில பெயர்களில் யாரோ போரில் இறந்தவர்கள் நினைவாக வைக்கும் காகிதப் பாப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பெயரில் பூ வெயிலில் வெளுத்து, முதல் எழுத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, பாம்பர் கமாண்டின் படையணிகளில் 102-ஆம் ஸ்குவாட்ரனின் அடைமொழி 'சிலோன்', 97-க்கு 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்', அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம். காலனிகள் கொடுத்த போர் நிதிக்காக வைத்த பெயர்கள். தேயிலைக் காசும் ரப்பர் காசும் எங்கே போய் வெடித்தது என்று ஒரு நிமிடமாவது நினைக்கத் தோன்றும் நமக்கு.

ஒரு யோசனை. லிங்கன்ஷயரிலிருந்து பறந்த 1, 5-ஆம் குரூப்காரர்களின் (பல ஸ்குவாட்ரன் சேர்ந்தது ஒரு குரூப்) சுவர்களை முதலில் கட்டி மற்றவர்களைப் பிறகு சேர்த்ததால், அகரவரிசையை நம்பித் தேடினால் அலைவீர்கள். யாரையாவது தேடிப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய இழப்புத் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டி எந்தப் பலகை என்று வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசம்தான். குன்றின் மேல் காற்று அடி பின்னும், ஸ்வெட்டர் வேண்டும்.