பட்டியலா, வாக்கியமா? எஸ்எஸ்சி ஆங்கிலத்தில் கோடிட்ட இடம்

மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்காக டெல்லி முகர்ஜி நகரில் கோச்சிங் சேரும் நம்மூர்ப் பிள்ளைகள் வந்த வேகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி நடைபாதைக் கடையில் வொக்கேபுலரி பட்டியல் போட்ட புத்தகம் வாங்கி, நாளைக்கு இத்தனை சொல் என்று கணக்கு வைத்து உருப்போடும். இன்னொரு கட்சி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும். சொல் விடுபட்ட கோட்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, அந்த இடம் எப்படிப்பட்ட சொல்லைக் கேட்கிறது என்று பார்க்கும். எஸ்எஸ்சியின் பட்டதாரிகளுக்கான தேர்வான சிஜிஎல்லை நான் எழுதியது இந்த இரண்டாவது வழியில்தான். இப்போது ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து பரீட்சைக்கு வந்து தங்கும் சித்தி பையன்களும் மாமா பெண்களும் பெட்டியை வைத்த கையோடு எந்த வழி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியலுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். சினானிம் (ஒரே பொருள்), ஆன்டனிம் (எதிர்ப்பொருள்), இடியம் (மரபுத்தொடர்), ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன் (ஒரு தொடருக்கு ஒரே சொல்) ஆகிய நான்கிலும் சொல் பெரும்பாலும் தனியாக நிற்கும். சுற்றிப் பார்க்க எதுவும் இருக்காது. தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் இல்லை. பழைய வினாத்தாளில் வந்த சொற்கள் மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. அங்கே பட்டியல்தான், பேச்சே இல்லை.

தகராறு கோடிட்ட இடத்திலும், பல சொற்கள் விடுபட்ட க்ளோஸ் பத்தியிலும்தான். க்ளோஸ் என்பதை 1953-ல் கொண்டுவந்தவர் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர். ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளப்பதற்காக அவர் சொற்களை நீக்கிவிட்டு, வாசகர் எத்தனையைச் சரியாக நிரப்புகிறார் என்று பார்த்தார். விடுபட்ட சொல்லை மற்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் அதன் அடிப்படையே. அப்படி ஒரு கேள்விக்குப் பட்டியலை மட்டும் நம்பிப் போவது எனக்குப் புரிவதில்லை.

இனி என் கட்சியின் முக்கியமான வாதம். பட்டியலில் அரைகுறை என்று ஒன்று கிடையாது. படித்த சொல் என்றால் முழு மார்க், படிக்காத சொல் என்றால் கை விரிப்புதான். வாக்கியத்தைப் படிப்பவருக்கு அரைகுறையும் காசாகும்.

கணக்கைப் பாருங்கள். சிஜிஎல் டியர் 2-வில், அதாவது இரண்டாம் கட்டத்தில், எல்லோரும் எழுதும் தாளில் ரேங்குக்குச் சேரும் மார்க் 390. அதில் ஆங்கிலம் மட்டும் 45 கேள்வி, கேள்விக்கு 3 வீதம் 135. நான்கு விடைகளில் தவறானதைத் தொட்டால் 1 மார்க் போகும். கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், நான்கு கேள்விக்கு ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும். மிச்சம் பூஜ்யம். ஒரே ஒரு விடையை அடித்துவிட முடிந்தால், மூன்று கேள்விக்கு ஒன்று சரி, இரண்டு தவறு, 1 மார்க் லாபம். இரண்டு விடைகளை அடித்தால், இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, ஒன்று தவறு, 2 மார்க் லாபம். அதாவது கேள்விக்கு ஒரு மார்க். விடையே தெரியாமல்!

அந்த இரண்டு விடைகளை அடிக்கத்தான் வாக்கியம் உதவுகிறது. ஆல்தோ, டெஸ்பைட், யெட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் வாக்கியத்தின் ஒரு பாதி மறுபாதிக்கு எதிராகத் திரும்பும். முதல் பாதியில் அந்த அதிகாரியை எல்லோரும் புகழ்கிறார்கள், நடுவில் யெட் வருகிறது என்றால், கோட்டில் அவருக்குப் பாதகமான சொல்தான் உட்காரும். நான்கு விடைகளில் இரண்டு நல்ல சொல் என்று தெரிந்தால் போதும், அவை ஒழிந்தன. மீதி இரண்டுக்குப் பொருள் தெரியாமல் போனாலும் 2-க்கு 1 என்ற நிலைக்கு வந்துவிட்டோம். பிகாஸ், தேர்ஃபோர் வந்தால் காரணமும் விளைவும் ஒரே திசையில் போகும். சச் அஸ் வந்தால் பின்னால் வரும் உதாரணங்களே கோட்டில் இருப்பது என்ன வகை என்று சொல்லிவிடும். இதெல்லாம் வகுப்பில் சொல்வதுதான், நீட்டவில்லை.

வகுப்பில் அவ்வளவாக அழுத்திச் சொல்லாதது கோட்டுக்குப் பின்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பற்றி. போலீஸ் அவனைத் திருடியதாகக் குற்றம் சாட்டியது என்ற வாக்கியம். விடைகள் அக்யூஸ்ட், சார்ஜ்ட், பிளேம்ட். பட்டியலைப் பார்த்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் போட்டிருக்கும். ஆனால் கோட்டுக்கு அப்பால் ஆஃப் இருந்தால் அக்யூஸ்ட், வித் இருந்தால் சார்ஜ்ட், ஃபார் இருந்தால் பிளேம்ட். வேறு யோசனையே தேவையில்லை. பட்டியலை எத்தனை தடவை புரட்டினாலும் இந்த வித்தியாசம் கைக்கு வராது. பொருள் மட்டும் தெரிந்தவர் மூன்றுக்கும் நடுவில் திண்டாடுவார்.

நம் பிள்ளைகளுக்கு டெல்லியில் இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே விற்கும் பட்டியல்களில் பொருள் பெரும்பாலும் இந்தியில் இருக்கும், வகுப்பில் விளக்குவதும் இந்தியில்தான். ஆங்கிலச் சொல்லுக்கு இந்தி, அந்த இந்திக்குத் தமிழ் என்று இரண்டு படி ஏறிப் பொருளைத் தொடும்போது அது பாதி தேய்ந்திருக்கும். வாக்கியத்துக்குள்ளேயே தேடுபவருக்கு இந்த வேலை இல்லை. எஸ்எஸ்சியின் மற்ற தேர்வுகளான எம்டிஎஸ் (பத்தாம் வகுப்புத் தகுதி), சிஹெச்எஸ்எல் (பிளஸ் டூ தகுதி) ஆகியவற்றைத் தமிழில் எழுதவும் 2023-ல் வழி வந்துவிட்டது. சிஜிஎல் இந்தி அல்லது ஆங்கிலம் என்றே நிற்கிறது. நமக்கு முழு வினாத்தாளும் ஆங்கிலம்தான் என்பதால், வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் ரீசனிங் கேள்விக்கும் பொது அறிவுக்கும் சேர்த்து உதவுகிறது.

என் கட்சிக்கும் ஓட்டை உண்டு. எல்லா வாக்கியமும் நல்லபடி காட்டிக்கொடுக்காது. பெக், மெக்கியோன், மெக்காஸ்லின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1983-லேயே சூழல்களைத் தரம் பிரித்தபோது, தவறான பொருளுக்கு இழுத்துச்செல்லும் சூழலையும் ஒரு வகையாக வைத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது, அவனும் பர்ஃபங்க்டரியாகக் கைதட்டினான் என்று ஒரு வாக்கியம் வந்தால், உற்சாகமாகத் தட்டினான் என்றுதான் மனம் ஓடும். உண்மையில் அவன் கடனே என்று தட்டியிருக்கிறான். அங்கே பட்டியல் படித்தவர் சிரிப்பார், நாம் முழிப்போம்.

அடித்தளம் இல்லாமலும் இந்த வழி நடக்காது. வேறு உதவியில்லாமல் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் போலத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூவும் பால் நேஷனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. நூறு சொல்லில் இரண்டு தெரியாவிட்டால் சமாளிக்கலாம், பத்து தெரியாவிட்டால் எந்தக் குறிப்பும் கண்ணில் படாது. பள்ளியில் ஆங்கிலம் வழுக்கியே வந்தவர்கள் முதல் சில மாதம் அடிப்படைச் சொற்களைப் படிக்கத்தான் வேண்டும். அதையும் உதாரண வாக்கியம் உள்ள புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். இந்திப் பொருள் மட்டும் போட்ட ஒல்லிப் புத்தகம் வேண்டாம்.

வங்கித் தேர்வுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை எழுதியதில்லை, அதனால் அடித்துப் பேச மாட்டேன். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்ஈ-யில் மட்டும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று வெளிப்படையாகத் தெரியும். 2011 ஆகஸ்டில் மாற்றியமைத்தபோது தனியாக நிற்கும் ஆன்டனிம் கேள்விகளை எடுத்துவிட்டு, கோடிட்ட வாக்கியங்களைக் கூட்டினார்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், நான் பிரித்தது இப்படி: காலையில் ஆங்கில நாளிதழின் தலையங்கம், இணைப்புச் சொற்களை அடிக்கோடிட்டு. மாலையில் பழைய வினாத்தாளின் க்ளோஸ், விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு. முதலில் அந்த இடத்துக்கு நாமாக ஒரு சொல் யோசித்து, பிறகு கையை எடுத்து அதற்குக் கிட்டத்தில் இருக்கும் விடையைத் தேட வேண்டும். இடியமும் ஒன் வேர்டும் மெட்ரோவில் போகும்போது. ஜிடிபி நகரிலிருந்து ஐஎன்ஏ வரை மஞ்சள் லைனில் ஒரே வண்டி, உட்கார இடம் கிடைத்தால் ஒரு பக்கப் பட்டியலை முடித்துவிடலாம்.