டிஸ்லெக்சியா உள்ள மகளும் புதுச்சேரிப் பன்னாட்டுப் பள்ளியும்: இரண்டு ஆண்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக நாள்தோறும் பள்ளிப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய்வரும் என் மகள், பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் 2024இல் ஏழாம் ஆண்டில் சேர்ந்தாள். அவளுக்கு வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உண்டு. இதே நிலையில் பள்ளி தேடும் பெற்றோர் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே, கட்டடம், நீச்சல்குளம் போன்றவற்றை விட்டுவிட்டு, மாணவர் நலத்தையும், எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கிய கல்வியையும் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். மகளின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களுக்குப் பொறுப்பேற்க ‘சென்கோ’ என்ற ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். அவர் தகுதி பெற்ற ஆசிரியராகவும் இருக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டம் இங்குள்ள பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இப்பள்ளி அந்த நடைமுறையைப் பெயரளவில் வைத்திருக்கவில்லை. சேர்க்கையின்போது சென்கோ மிஸ் எங்களோடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆங்கிலப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொன்ன பிறகு, தமிழாசிரியரை அழைத்துத் தமிழிலும் ஒரு பத்தியை வாசிக்க வைத்தார். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆங்கிலம் பழகாததால் வரும் தடுமாற்றத்தைக் கற்றல் குறைபாடாகக் கருதக் கூடாது என்று இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி நடைமுறை விதித்தொகுப்பு சொல்கிறது. அதனால்தான் இரண்டு மொழிகளிலும் பார்க்கிறோம் என்று அவர் விளக்கினார். மகள் தமிழையும் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசித்தாள். சொல்வதெழுதலில் ‘கரை’யும் ‘கறை’யும், ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் மாறி மாறி வந்தன. முந்தைய பள்ளியில் இதே பிழைகளுக்காகப் பத்துப் பத்து முறை எழுத வைக்கப்பட்டு, சோம்பேறி என்று பெயர் வாங்கியவள் அவள். அந்த அறையில் முதல் முறையாக ஒருவர் அவளுடைய பிழைகளைக் கோபமில்லாமல் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்பள்ளியில் நான் மிக உயர்வாக மதிப்பது ஒற்றைப் பக்கத் தாள் ஒன்றை. மகளுக்கு எது கடினம், எது உதவும், எதைச் செய்யக் கூடாது என்று எழுதப்பட்ட அந்தத் தாள் அவளுக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது; கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதும் வேலைக்குப் பதிலாக அச்சிட்ட குறிப்பு தர வேண்டும்; அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இவ்வளவுதான். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒருமுறை விடுப்பில் சென்ற ஆசிரியருக்குப் பதிலாக வந்தவர் அவளை வாசிக்கச் சொல்லிவிட்டார். அன்று மாலையே சென்கோ மிஸ் எனக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னதோடு, மாற்று ஆசிரியர்களின் கோப்பிலும் அந்தத் தாளைச் சேர்த்தார். பருவத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை மகளையும் உட்கார வைத்துத் திருத்துகிறார்கள். “எனக்குப் பச்சைத் தாள் வேண்டாம் மிஸ், எல்லாரும் பார்க்கிறாங்க” என்று அவள் சொன்னதும் வாசிப்புக்கு உதவ அவளுக்குத் தந்த வண்ணத்தாள் ஏற்பாடு நிறுத்தப்பட்டது.

நம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இணையான ஐஜிசிஎஸ்இ தேர்வு இன்னும் சில ஆண்டுகள் தள்ளி இருந்தாலும், அதற்கான வேலையை இப்போதே தொடங்கியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் தகுதியுள்ள மாணவருக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேரத் தாளுக்கு இது அரை மணி நேரம். ஆனால் மருத்துவ அறிக்கை மட்டும் போதாது. வகுப்பறையிலும் பள்ளித் தேர்வுகளிலும் அந்த மாணவர் வழக்கமாகக் கூடுதல் நேரம் எடுத்துத்தான் எழுதுகிறார் என்பதற்குப் பள்ளியிடம் சான்று இருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஓடிவந்து கேட்கும் பெற்றோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, பள்ளி மீண்டும் திறந்த முதல் இரண்டு நாள் பாடமே நடக்கவில்லை. பிள்ளைகளைப் பேச விட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்குப் புத்தகமும் சீருடையும் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. சிறப்பாசிரியருடன் வாரம் இரண்டு தனி வகுப்புகளுக்குக் கட்டணத்துக்கு மேல் கட்டணம் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதை விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டிய கடமையை அதன் 16ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, இதைக் கராத்தே, பியானோ வகுப்புகளைப் போல விருப்பப் பாடமாகக் கட்டண அட்டையில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. தனி உதவியாளர் தேவைப்படும் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் அந்தச் சம்பளத்தையும் தாங்களே கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுத்தரக் குடும்பத்தால் அது இயலாது.

இன்னொரு குறை பாதுகாப்பைப் பற்றியது. குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பு எல்லாத் தாழ்வாரங்களிலும் படத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். காலையும் மாலையும் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கும் பேருந்து ஓட்டுநர்களும் ஆயாக்களும் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். பேருந்தில் பெரிய பையன்கள் மகளின் வாசிப்பைக் கேலி செய்ததை முதலில் கவனித்தவர் ஆயா அக்காதான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூன்று வாரம் கழித்து என்னிடம் சொன்னார். பள்ளி அதன்பின் விரைந்து நடவடிக்கை எடுத்தது. அறிவிப்பைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.

கட்டணத்தைத் தாங்க முடிந்தால், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இப்பள்ளியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்க்கைக்கு முன் அந்த ஒற்றைப் பக்கத் தாளின் மாதிரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தனி வகுப்புகளுக்கான கட்டணத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.